நெற்றிப்பொட்டில் அமைதி

— “பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. முதல் மாடி, இரண்டாம் அறை. நான்காவது அமர்வு. தலைவலி தொடர்கிறது. வலது நெற்றிப்பொட்டில் கை வைத்த மாத்திரத்தில் முழு அமைதி. மிக நல்ல முன்னேற்றம்.” போதுமாக்கா?

— ‘மிக’ன்னு வேற எழுதியிருக்கியா?

— எழுதியிருக்கேன்.

— ம். அடுத்த அட்டையையும் படி.

— நீயே பாத்துக்கோயேன். இடது கண்ணு நல்லாத்தானே தெரியுது?

— தெரியுது. உன் வாயால கேக்கணும். பதினெட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவடி நான். முதுகுக்குப் பின்னாடி பதினாலு பிள்ளைங்க ஒரே நேரத்துல கத்தினதையே கேட்டிருக்கேன். தங்கச்சி ஒருத்தி படிக்கிறதைக் கேக்க மாட்டேனா?

— பதினோரு மணிக்கு எங்க தொழில் சங்கத்துல இருந்து விசாரிக்க அந்த மேடம் வந்துடுவாங்க. அதுக்குள்ள நீ ஒரே ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான். புரிஞ்சுக்கோக்கா.

— மணி பத்து இருபது. படி.

— “பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. ஐந்தாவது அமர்வு. இரண்டு நெற்றிப்பொட்டிலும் அமைதி. நோயாளி அமர்வின்போது உறங்கினார்.”

— தூங்கினேன். அது உண்மை. குறட்டை விட்டேனா?

— லேசா.

— உன் அத்தான் நம்பவே மாட்டார். வீட்ல ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்பல தூங்கினா அதிசயம். காலையில பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு, வண்டியைக் கீழ நிறுத்திட்டு, இந்த மேஜையில வந்து படுப்பேன். நீ தலைமாட்டுல உக்காந்து ரெண்டு கையாலயும் மண்டையைத் தாங்கி, விரலை நெத்திப்பொட்டுல வெப்பே. அந்தத் தொடுகை ஒரு நாணயம் கனம்கூட இருக்காது. நாப்பது நிமிஷம் யாரும் என்னை ‘ஆன்ட்டி, அவன் என்னைக் கிள்றான்’னு கூப்பிட மாட்டாங்க. யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் வினை.

— பிடிச்சதுல என்ன தப்பு? எல்லாருக்குமே பிடிக்கும். அதுக்குத்தானே வர்றாங்க.

— அவர் கேட்டார், ‘அப்படி என்னதான் பண்ணுவா உன் தங்கச்சி?’ன்னு. மண்டைக்குள்ள ஓடுற அலையைக் கேப்பான்னு சொன்னேன். ‘கேக்கறதுக்குக் காதுல்ல வேணும், கை எதுக்கு?’ன்னார்.

— அவருக்கு எப்பவும் நக்கல். இந்தப் புகாருக்குப் பின்னாடியும் அவர்தான் இருப்பார், எனக்குத் தெரியும்.

— அவர் இல்ல. கண் டாக்டர் உங்க சங்கத்துக்கு எழுதினார். அவருக்கு அது கடமையாம். உன் அத்தானுக்கு உன்மேல கோபமே இல்லடி. இருக்கிற கோபமெல்லாம் என்மேலதான்.

— உன்மேல எதுக்கு?

— அதுக்கு வர்றேன். அந்த அமைதின்னு எழுதியிருக்கியே, அதை முதல்ல சொல்லு. எனக்குப் புரியற மாதிரி.

— எத்தனை தடவைக்கா... சரி. தலைக்குள்ள ஒரு அலை இருக்கும்னு நாங்க படிச்சிருக்கோம். ரொம்ப மெதுவா, மூச்சை விட மெதுவா. கையை வெச்சு அது பின்னாடியே போனா, ஒரு கட்டத்துல அது தானா நிக்கும். நிக்கறதைத்தான் அமைதிங்கறோம். நின்னு, மறுபடி தானா கிளம்பும்போது உடம்பு தன்னைச் சரி பண்ணிக்கும். அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்போம். சிலருக்கு இருபது நிமிஷம் ஆகும். சிலருக்கு வரவே வராது.

— எனக்கு?

— உனக்குக் கை வெச்ச உடனே.

— உடனே நீ சந்தோஷப்பட்டே.

— பட்டேன். இல்லேன்னா பொய்.

— சந்தோஷப்பட்டு, ஞாயித்துக்கிழமை வகுப்புல உன் மாணவிகள்கிட்ட ‘எங்க அக்காவுக்கு விரல் வெச்ச உடனே அமைதி வருது’ன்னு பெருமையா சொல்லியிருக்கே. அதுல ஒரு பொண்ணு என்னை மருந்துக் கடையில பாத்து, ‘நீங்கதான் அந்த அக்காவா?’ன்னு கேட்டா. ரெண்டு கண்ணு இருந்த காலத்துல.

— அக்கா...

— நின்னது அலை இல்லடி. ரத்தம். நெத்திப்பொட்டுல ஓடுற குழாய் வீங்கி, கயிறு மாதிரி தடிச்சு, அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு. துடிப்பே இல்ல. கண்ணுக்குப் போற குழாயும் அந்த மாதிரிதான் அடைக்கும்னு டாக்டர் காகிதத்துல படம் போட்டுக் காட்டினார். தொட்டுப் பாத்தாலே தெரியும்னார். ‘தொட்டுப் பாக்கத்தான் ஆளே இல்லை’ன்னு வேற சொன்னார். அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ஆறு வாரமா செவ்வாய்க்கிழமை தோறும் நாப்பது நிமிஷம் அதே இடத்துல விரலை வெச்சுக்கிட்டு என் தங்கச்சி உக்காந்திருந்தா.

— நாங்க நாடி பாக்கறதில்ல. எங்களுக்கு அதைச் சொல்லித் தரலை. நாங்க தேடறது வேற.

— தேடினது கிடைச்சுதுல்ல?

— குத்திக் காட்டத்தான் வந்தியா? இல்ல கையெழுத்து போட வந்தியா?

— நீ கூப்பிட்டே, வந்தேன். பஸ்ல வந்தேன். படிக்கட்டு எத்தனை உயரம்னு ஒத்தக் கண்ணுக்குத் தெரியறதில்ல, கண்டக்டர் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டார். என்னை, ஒரு டிரைவரை. சரி விடு. ஆறாவது அட்டையைப் படி.

— ஆறாவது... அது இல்ல.

— இல்லைன்னா?

— அன்னிக்கு நான் எழுதலை. அவசரமா அடுத்த ஆள் வந்துட்டாங்க, வேற ஒண்ணுமில்ல.

— எழுதினே. நான் அந்த ஸ்டூல்ல உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன். நீ ஜன்னல் மேல அட்டையை வெச்சு நின்னுக்கிட்டே எழுதினே. என்ன எழுதினேன்னும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதற பழக்கம் உனக்கு. ஸ்கூல்லயே அதுக்கு அடி வாங்கியிருக்கே. ‘நேற்று வலது கண்ணில் இரண்டு நிமிடம் மங்கல். விடுபடும் அறிகுறி.’

— அதை விடுக்கா.

— கிழிச்சிட்டியா?

— அது வெளியே போனா என் கதை முடிஞ்சுதுக்கா.

— நான் என்ன சொன்னேன் அன்னிக்கு? ‘நேத்து யாரோ திரை போட்ட மாதிரி இருட்டாயிடுச்சுடி, அப்புறம் தானா சரியாயிடுச்சு’ன்னேன். நீ என்ன சொன்னே?

— உள்ள தேங்கினது வெளியே வரும்போது அப்படி ஒண்ணு ரெண்டு வரும்னு சொன்னேன். எங்க வகுப்புல அப்படித்தான் சொல்லுவாங்க. நான் இட்டுக்கட்டலை.

— வியாழக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு அந்தத் திரை மறுபடி விழுந்துச்சு. போகவே இல்ல. மேம்பாலத்துல இருந்து இறங்கிக்கிட்டு இருக்கேன். பின்னாடி பதினாலு பிள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு வர்றாங்க. சத்தம் போடாம இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கமா ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ‘டயர்ல காத்து கம்மியா இருக்கு, யாரும் இறங்கக்கூடாது’ன்னேன். இன்னொரு வேன் டிரைவர் வந்து பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் டயரையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு பிள்ளைக்குக் கூடத் தெரியாது.

— நீ தைரியசாலிக்கா. எல்லாரும் சொல்றாங்க.

— யாரும் சொல்லலை. எல்லாரும் வேற ஒண்ணு சொல்றாங்க. உன் அத்தான் சொல்றார்: ‘வாயைத் திறந்திருந்தா இந்தக் கண்ணு போயிருக்காது.’ என் பையன் போன்ல சொல்றான்: ‘அம்மா எப்பவுமே இப்படித்தான், எதையும் சொல்ல மாட்டா, மறைச்சு மறைச்சு வெப்பா.’ எனக்கு அழுத்தக்காரின்னு ஒரு பட்டம் இருக்கு, சம்பாதிச்ச பட்டம், இல்லேங்கலை. ஆனா இந்தத் தடவை நான் சொன்னேன்டி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து முதல் தடவையா, வலிக்குதுன்னு ஒருத்திகிட்ட வாயைத் திறந்து சொன்னேன். தலை சீவினா தோல் எரியுதுன்னு சொன்னேன். ரொட்டி மென்னா பாதியில தாடை கெஞ்சுது, நிறுத்தி நிறுத்தித் திங்கறேன்னு சொன்னேன். நீ சிரிச்சே. ‘மெதுவா தின்னேன், யாரு துரத்துறா?’ன்னே.

— ஞாபகம் இருக்கு.

— ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார்: ‘இத்தனை வாரமா யார்கிட்டயுமே சொல்லலையாம்மா?’ நான் திரும்பி உன்னைப் பாத்தேன். மிச்சமிருந்த கண்ணால. நீ கதவு ஓரமா நின்னு சுவத்துல இருந்த கண்ணு படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தே.

— பயமா இருந்துச்சு.

— எனக்கும்தான்.

— அக்கா, மணி பத்தே முக்கால் ஆகப் போகுது. இதைக் கேளு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபார்ம் போடணும்னு சங்கத்துல விதி. அஞ்சு கேள்வி. முதல் நாள் கேட்டு எழுதணும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறியிருக்கான்னு கேட்டுக் குறிக்கணும். கீழ நோயாளி கையெழுத்து போடணும், தேதியும் அவங்க கையாலயே எழுதணும். உனக்கு அந்த ஃபார்ம் போடவே இல்ல. அதான் பிரச்சினை. இப்போ போட்டு வெச்சிருக்கேன்.

— எனக்கு ஏன் போடலை?

— நீ அக்கா. சொந்தக்காரங்களுக்கு யாராவது ஃபார்ம் போடுவாங்களா? பேர் என்ன, வயசு என்ன, எங்க வலிக்குதுன்னு உன்னை உக்கார வெச்சுக் கேக்கச் சொல்றியா? எனக்குத் தெரியாதா உன் தலைவலி? பத்து வயசுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

— குடு. நானே படிக்கிறேன். “ஒன்று, வயது ஐம்பதுக்கு மேலா? ஆம். இரண்டு, தலைவலி புதிதாகத் தொடங்கியதா? இல்லை, பழையது. மூன்று, தலை சீவும்போது தோல் வலிக்கிறதா? இல்லை. நான்கு, மெல்லும்போது தாடை வலிக்கிறதா? இல்லை. ஐந்து, பார்வையில் ஏதேனும் மாற்றம் உண்டா? இல்லை.” ஏன்டி, எல்லாம் இல்லையா?

— ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் எந்த ஒண்ணுக்கு ‘ஆம்’னு வந்தாலும் நாங்க தொடவே கூடாது. அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும்.

— ஓ. அப்போ நான்தான் உன்கிட்ட மறைச்சேன்.

— அப்படி அர்த்தம் இல்ல...

— வேற எப்படி அர்த்தம்? நீ கேட்டே, நான் இல்லைன்னேன். ஊர் வாயில இருந்தது இப்போ காகிதத்துல வருது. அதுக்கு அடியில என் கையெழுத்து.

— ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருக்கா. போன கண்ணு திரும்பி வருமா? வராது. இதுல உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. யாரும் உன்னைத் தண்டிக்கப் போறதில்ல. எனக்கு அப்படி இல்ல. பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துட்டா இந்த ரூம் கிடையாது, வகுப்பு கிடையாது. நாப்பத்தஞ்சு வயசுல கத்துக்கிட்ட ஒரே வேலை. என் கையாவது மிச்சம் இருக்கட்டுமே.

— நல்லாத்தான் பேசறே.

— நான் அஜாக்கிரதையான ஆள் இல்லக்கா. வேணும்னா இந்த ஃபைலைப் பாரு. இதையும் அந்த மேடம்கிட்ட காட்டப் போறேன். தபால் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆன ஒரு அம்மா. வந்து உக்காந்தாங்க, ஃபார்ம் போட்டேன், நாலாவது கேள்விக்கு ‘ஆமாம்மா, மெல்லவே முடியலை’ன்னாங்க. பேனாவை மூடிட்டேன். தொடவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சு நானே ஏத்திவிட்டேன். அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. நன்றி சொல்லி அழகா ஒரு கடிதம் போட்டிருக்காங்க, பாரு, முத்து முத்தா கையெழுத்து.

— எந்தத் தேதி?

— கடிதமா?

— அந்த அம்மா வந்த தேதி.

— ...பிப்ரவரி பதிமூணு.

— வியாழக்கிழமை. எனக்கு நாலாவது அமர்வு முடிஞ்சு ரெண்டாம் நாள்.

— அக்கா, அது வேற...

— அவங்க மெல்ல முடியலைன்னாங்க, ஆட்டோ. நான் மெல்ல முடியலைன்னேன், மெதுவா தின்னு.

— அவங்க யாரோ. அதனால ஃபார்ம் போட்டேன். போட்டதால கேட்டேன். கேட்டதால சொன்னாங்க.

— நீ கேக்காமலே நான் சொன்னேன். சரி, ஆட்டோவை அனுப்பிட்டு மேல ஏறி வந்தியே, அப்போ என் ஞாபகம் வரலையா உனக்கு? உண்மையைச் சொல்லு. கையெழுத்து வேணும்னா உண்மையைச் சொல்லு.

— வந்துச்சு.

— ம்.

— படிக்கட்டுலயே வந்துச்சு. போனைக் கூட எடுத்தேன். அப்புறம் தோணுச்சு, நாலு வாரமா தொட்டுட்டேன், இப்போ போய் டாக்டரைப் பாருன்னு சொன்னா, ‘முதல் நாளே ஏன் சொல்லலை’ன்னு அத்தான் கேப்பார். ‘தலை தடவுற வைத்தியம், அதுல ஒரு டாக்டரம்மா’ன்னு குடும்பத்துக்கே சொல்லிச் சிரிப்பார். செவ்வாய்க்கிழமை நீ வரும்போது மெதுவா கேட்டுக்கலாம்னு விட்டேன். செவ்வாய்க்கிழமை நீ வந்து, ‘இங்க வந்தாத்தான்டி நான் தூங்கறேன்’னு சொன்னே. கேக்க மனசு வரலை.

— என் தூக்கத்தைக் கெடுக்க மனசு வரலை.

— சிரிக்காதேக்கா.

— சிரிக்கலை. மிச்சக் கண்ணைக் காப்பாத்தத் தர்ற இந்த ஸ்டீராய்டு மாத்திரையில மூஞ்சி வீங்கி இப்படி ஆயிடுச்சு. கண்ணாடியில பாத்தா எனக்கே யாரோ எதிர் வீட்டுக்காரி மாதிரி இருக்கு. அதான், சிரிக்கறேனா இல்லையான்னு உனக்குத் தெரியலை.

— மன்னிச்சுக்கோ. எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கறேன். இப்போ இந்தக் கையெழுத்தை மட்டும்...

— உனக்கு நான் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தப்போ முதல் பாடம் என்ன?

— இப்போ எதுக்கு அது?

— சொல்லேன்.

— கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்து பாக்கணும். தினமும் ஓட்டற வண்டியா இருந்தாலும்.

— நல்லா ஞாபகம் வெச்சிருக்கே. பேனா குடு.

— அக்கா! தேங்க்ஸ்க்கா. இங்க, இந்தக் கோட்டு மேல. தேதி மட்டும் ஜனவரி இருபத்தொண்ணுன்னு போடு. அதான் நீ முதல்ல வந்த நாள். இதோ, பெல் அடிக்குது. வந்துட்டாங்க போல. தேதி மறக்காதே, ஜனவரி இருபத்தொண்ணு.

— நீ போய்க் கதவைத் திற. வெளியில நிக்க வெக்காதே.

— வாங்க மேடம், வணக்கம். படி கொஞ்சம் செங்குத்து, பாத்து வாங்க. தண்ணி எடுத்துக்கறீங்களா? உள்ள வாங்க, ரெண்டாவது அறை. இவங்கதான் எங்க அக்கா.

— வணக்கம்மா. எழுந்திருக்க வேணாம், உக்காருங்க. உங்க கண்ணைப் பத்தி டாக்டர் எழுதியிருந்தார். வருத்தமா இருக்கு. நான் அதிக நேரம் எடுத்துக்க மாட்டேன். உங்க முதல் நாள் ஃபார்ம் மட்டும் எங்களுக்கு வந்து சேரலை.

— இதோ இருக்குங்க.

— அக்கா, என்கிட்ட குடு, நான் ஃபைல்ல கோத்துத் தர்றேன்.

— அவங்க கையில குடுத்துட்டேன்டி.

— ஒரு நிமிஷம், கண்ணாடி போட்டுக்கறேன். ஒண்ணு, வயசு ஐம்பதுக்கு மேல, சரி. ரெண்டு, மூணு, நாலு... இதுல ‘இல்லை’ன்னு எழுதினதை அடிச்சுட்டு ‘ஆம்’னு திருத்தியிருக்கு. அஞ்சாவதுல ‘பிப்ரவரி 25 அன்று சொன்னேன்’னு எழுதியிருக்கு. திருத்தினது யாரு?

— நான்தாங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல என் கையெழுத்து இருக்கு, பாருங்க.

— அக்கா, என்ன பண்ணினே நீ? மேடம், அது வந்து, நான் விளக்கிடறேன்...

— இருங்க, முதல்ல இதை முடிச்சுக்கறேன். கீழேயும் கையெழுத்து இருக்கு. தேதி... ஏம்மா, இன்னிக்குத் தேதி போட்டிருக்கீங்க?

— இன்னிக்குத்தாங்க எழுதினோம்.